பெரிய வெள்ளிக்கு ஏழு பேர் தேவை

கர்த்தருக்குள் அன்பான பொன்னுரங்கம் மாமா அவர்களுக்கு,

கடலூர் செம்மண்டலத்திலிருந்து உங்கள் மைத்துனன் சார்லஸ் பணிவுடன் எழுதுவது. இங்கே அனைவரும் சுகம். சிதம்பரத்தில் உங்கள் பிரஷரும் தைலம்மாள் அக்காவின் முழங்கால் வலியும் ஓர் அளவுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன். என் மகள் சிந்துஜாவின் கல்யாண ஆராதனையில் நேரம் போதாமல் உங்கள் ஆசீர்வாத ஜெபத்தை நான் பட்டியலிலிருந்து எடுத்ததால், நான்கு வருடமாக நீங்கள் என்னோடு பேசுவதில்லை. அது குடும்ப விஷயம். இது ஆராதனைக் குழுச் செயலாளர் என்ற முறையில் எழுதும் கடிதம்.

பெரிய வெள்ளியன்று பன்னிரண்டிலிருந்து மூன்று மணி வரை, இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளையும் ஏழு பேர் ஆளுக்கொன்றாகப் பேசுவது நம் வழக்கம். பாரபட்சம் கூடாது என்று போதகர் எதிரிலேயே சீட்டுக் குலுக்கினேன், அங்கேதான் வினை பிடித்தது. பக்கத்துச் சிலுவையில் தொங்கிய கள்ளனுக்கு மோட்சம் கிடைக்கும் இரண்டாம் வார்த்தை, கோயில் பாத்திர அறைச் சாவி வைத்திருக்கும் சின்னையனுக்கு விழுந்தது. போன அறுப்பின் பண்டிகையில் ஒரு தவலை காணாமல் போனதை நான் மறந்திருந்தேன், அவர் மறக்கவில்லை. "ஏன் செயலாளரே, கள்ளனப் பத்திப் பேச மொத்த சபையில நான்தான் கெடச்சனா?" என்று சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். தாயைச் சீடனிடம் ஒப்படைக்கும் மூன்றாம் வார்த்தை வெண்மதி டீச்சருக்கு. அவர் பண்ருட்டியில் இருக்கும் அம்மாவைப் பார்த்து இரண்டு வருடம் ஆகிறதாம், எனக்கு யார் சொன்னார்கள்? "எங்கம்மா ஒங்களுக்குப் போன் பண்ணி அழுதாங்களா?" என்று கேட்டுவிட்டு அவரே அழுதார். அவரைத் தேற்றிவிட்டுத் திரும்பினால், தாகத்தைப் பற்றிய ஐந்தாம் வார்த்தைச் சீட்டோடு செந்தமிழ்செல்வன் நிற்கிறார். "குடிய விட்டு மூணு மாசந்தான் ஆவுது. நானே மறந்துகினு இருக்கேன், நீங்க ஏன் சார் ஞாபகப்படுத்துறீங்க?" மறுபடி குலுக்கினேன். தாகம் சின்னையனுக்கும், கள்ளன் செந்தமிழ்செல்வனுக்கும் போய், "இப்ப நான் குடிகாரனா?", "நான் திருடனா?" என்று சண்டை ஜாஸ்தியானது. போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே "ஜெபம் பண்ணுவோம்" என்றார், அதோடு சரி.

பிறகு அவரே வீடு வீடாகப் போய்ப் பேசி ஆறு பேரைச் சரிக்கட்டிவிட்டார். மிச்சம் முதல் வார்த்தை. மன்னிப்பைப் பற்றியது. சபையில் ஆளுக்கொரு காம்பவுண்டுச் சுவர்த் தகராறு இருப்பதால் அதைத் தொட யாரும் தயாரில்லை. வெளியூர்ப் பேச்சாளர் என்றால் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். தாங்கள் வந்து பேசித்தர வேண்டும். பதினைந்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறேன், இருபதானாலும் மணி அடிக்க மாட்டேன். இதில் உள்நோக்கம் எதுவும் இல்லை. ஆராதனை முடிந்ததும் கஞ்சி உண்டு, உங்களுக்கு உப்புக் குறைவாக எடுத்துவைக்கச் சொல்கிறேன்.

அக்காவுக்கு என் ஸ்தோத்திரம். சமாதானத்தின் தேவன் உங்கள் வீட்டில் தங்கியிருப்பாராக.

தங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
சார்லஸ்
செயலாளர், ஆராதனைக் குழு

பின்குறிப்பு: முதல் வார்த்தைக்கு ஆள் இல்லை என்று எழுதியது பொய். போதகர் அதைப் போன வாரமே எனக்குக் கொடுத்துவிட்டார். எழுத உட்கார்ந்தால் ஒரு வரி வரவில்லை. கல்யாணத்தன்று நேரமும் இருந்தது, மாமா. நீங்கள் ஜெபித்தால் எல்லோரும் உருகிப்போவார்கள், பெண்ணைப் பெற்ற என் நன்றியுரையை யாரும் கேட்க மாட்டார்கள் என்று நான்தான் வெட்டினேன். தப்பு என்னுடையது. நீங்கள் பேச வேண்டாம். வந்து முன்வரிசையில் உட்காருங்கள், எனக்குப் பேச்சு வரும்.