கம்பைலர் லைப்ரரியும் அவலூர்பேட்டை வரனும்

பேர் வைக்கிறவன் வைத்துவிட்டுப் போய்விடுகிறான், அவதிப்படுவது அடுத்தவர்கள். பிறர் எடுத்துப் பயன்படுத்துவதற்காக எழுதி வைத்த கணினி நிரல் தொகுப்புக்கு ‘லைப்ரரி’ என்று பேர் வைத்த ஆசாமி மட்டும் என் கையில் கிடைத்தால், அவலூர்பேட்டைக்குக் கூட்டிப்போய் ஒரு குடும்பத்திடம் விளக்கம் சொல்லச் சொல்வேன். நான் சொல்லி எடுபடவில்லை.

அப்போது செஞ்சியில் வீட்டிலிருந்தபடியே ஒரு சென்னைக் கம்பெனிக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். நிரல் எழுதுகிறவர்கள் எடிட்டர் என்ற மென்பொருளில்தான் எழுதுவார்கள். எழுதியதில் உள்ள பேர்களெல்லாம் அதன் ஓரத்தில் வரிசையாகத் தெரிய வேண்டும். ஒன்றைத் தொட்டால் அந்த இடத்துக்குப் போக வேண்டும். நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றுகிற கம்பைலருக்குத்தான் எல்லாப் பேரும் அத்துப்படி. எனவே கம்பைலரின் லைப்ரரியிலிருந்து பேர்களை உருவியெடுக்கும் கருவி ஒன்றை மாதக்கணக்கில் உட்கார்ந்து செய்தேன். (கழுத்து வலி இன்னும் இருக்கிறது. அதை யாரும் விசாரிப்பதில்லை.)

இந்த நேரம் பார்த்து அவலூர்பேட்டையிலிருந்து வரன் வந்தது. மாப்பிள்ளையின் அப்பா மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, வியாபாரி. “பொண்ணு இன்னா வேலை செய்யுது?” என்று போனில் கேட்டிருக்கிறார். நைனா போனைப் பொத்திக்கொண்டு என்னைக் கேட்டார்.

“கம்பைலர் லைப்ரரில இருந்து பேரெல்லாம் எடுக்கறேன் நைனா,” என்று சொல்லிவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டேன்.

“லைப்ரரில இருக்குதுங்க,” என்று நைனா போனில் சொன்னதும், “லைப்ரரின்னா பின்ன, கவர்மென்ட்டுதானே,” என்று சேர்த்துக்கொண்டதும் எனக்குத் தெரியாது. பிற்பாடு அம்மா சொன்னாள்.

பெண் பார்க்க வருவதாகச் சொன்ன அதே வியாழக்கிழமை, நாலு மணிக்கு, என் கருவியைக் கம்பெனியின் பெரிய தலைகளுக்கு வீடியோ காலில் காட்ட வேண்டியிருந்தது. பிடித்தால் கம்பெனி முழுக்கக் கொடுப்பார்கள். பிடிக்காவிட்டால் மூட்டை கட்டிவிடுவார்கள்.

“அவங்கள ஆறு மணிக்கு வரச் சொல்லேம்மா,” என்றேன்.

“வந்தவங்கள வெறும் வயித்தோட அனுப்பறதா?” என்றாள் அம்மா. இரண்டு குடும்பமும் ஜைனர்கள். பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டோம். ஆக, என் எதிர்காலத்தைவிட வாழைக்காய் பஜ்ஜி முக்கியமாகிவிட்டது.

ஒரு நிரல் கோப்பு வேறு பல கோப்புகளைத் துணைக்குக் கூப்பிடும். கம்பைலர் அத்தனையையும் படித்துவிட்டு அத்தனை பேர்களையும் ஒப்பிக்கும். நம் கோப்பில் இருப்பதை மட்டும் வடிகட்ட ஒரு வரி எழுதியிருந்தேன். ஏதோ சோதித்துப் பார்க்க அந்த வரியை நான் நிறுத்திவைத்த நேரத்தில், “புடவை கட்டு, வந்துட்டாங்க,” என்று அம்மா இழுத்துக்கொண்டு போனாள். காபி கொடுத்து, கும்பிடு போட்டு, பட்டுப்புடவையோடு ஓடிவந்து கணினி முன்னால் உட்கார்ந்தபோது அந்த வரி ஞாபகத்திலேயே இல்லை.

பேச ஆரம்பித்த சற்று நேரத்தில் கதவு திறந்தது. மாப்பிள்ளையின் அம்மா பஜ்ஜித் தட்டுடன் வந்து என் பின்னால் கட்டிலில் உட்கார்ந்துகொண்டார். “நீ வேலையப் பாரும்மா. நான் சும்மா பாக்கறேன்.”

கேமராவில் அவரும் தெரிந்தார். நான் பொத்தானை அழுத்தினேன்.

மூன்றே பேர் வர வேண்டிய இடத்தில் ஆயிரக்கணக்கில் கொட்டியது. முன்னும் பின்னும் அடிக்கோடு போட்ட, நான் ஜென்மத்தில் எழுதாத பேர்கள். எடிட்டர் மூச்சுத் திணறி நின்றது.

“யாரும்மா இவ்ளோ பேரு?”

“எல்லாம் வெளியாளுங்க அத்தை,” என்று உளறினேன்.

“வெளியாளுங்க பேரு நமக்கு எதுக்கு? நம்ம வூட்டு ஆளுங்கள மட்டும் காட்டு, போதும்.”

பெரிய தலைகள் சிரித்தன. என் மேனேஜர் கார்த்திக், “அவங்க சொல்றதுதான் கரெக்ட், பத்மா,” என்றான். எனக்குத் தெரியாதா அது? அந்த வரியை எழுதியதே நான்தான்.

“இது எந்த ஊரு லைப்ரரிம்மா? பென்ஷன் உண்டா?” என்றார் அடுத்து.

கார்த்திக் முந்திக்கொண்டான். “ஆன்ட்டி, இது பிரைவேட் கம்பெனி. பென்ஷன்லாம் கிடையாது.” (அவனை யார் கேட்டது?)

தட்டைக் கட்டிலில் வைத்துவிட்டு அவர் எழுந்து போனார். கூடத்தில் குரல்கள் உயர்ந்தன. கருவியை அப்படியே விட்டுவிட்டு நானும் ஓடினேன்.

“கவர்மென்ட்டுன்னு சொன்னீங்களே,” என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

“லைப்ரரின்னுதாங்க சொன்னேன். லைப்ரரிதான். சொல்லேம்மா,” என்று நைனா என்னைப் பிடித்து முன்னால் தள்ளினார்.

கம்பைலரில் தொடங்கி எல்லாவற்றையும் விளக்கினேன். அதுவரை கேசரியை விட்டுத் தலை நிமிராத மாப்பிள்ளை பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்ப புக்கே கிடையாதா?” என்றார். அவர் என்னிடம் பேசியது அவ்வளவுதான்.

பொழுது சாய்வதற்குள் கிளம்பிப் போனார்கள். பஜ்ஜியில் ஒன்றுகூட மிச்சமில்லை. தின்றதைச் சொல்லாமல், பொய் சொல்லிப் பெண்ணைக் காட்டினோம் என்று மட்டும் அவலூர்பேட்டை முழுக்கச் சொன்னார்கள்.

மறுநாள் அந்த வரியைத் திரும்பப் போட்டுக் காட்டினேன். கருவியை ஏற்றுக்கொண்டார்கள், இன்று கம்பெனி முழுக்க அதைத்தான் பயன்படுத்துகிறது. ஆனால் மாதக்கணக்கில் நான் உழைத்ததைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. வெளியாள் பேர்களை மறைக்கும் அந்த வசதிக்குக் கார்த்திக் ‘மாமியார்’ என்று பேர் வைத்தான். அது அப்படியே நிலைத்துவிட்டது. வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் அம்மா இதைச் சொல்லிச் சிரிக்கிறாள். எனக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. தினமும் காலையில் மாமியாரை ஆன் செய்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறேன்.