ராமேஸ்வரத்துக்கு வந்த ஃபேக்டரி சங்கு

அம்பத்தூரிலும் ஆவடியிலும் அந்தக் காலத்தில் கடிகாரக் கடைக்காரர்களுக்கு ஒரே ஒரு விரோதிதான் இருந்தார். அவர் பெயர் சங்கு. ஞானஸ்நானத்தில் வேறு பெயர் வைத்திருப்பார்கள்தான். பெற்ற அம்மாவே அதை மறந்துபோன பிறகு நாங்கள் எதற்கு நினைவில் வைத்துக்கொள்வது?

அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் எந்த ஃபேக்டரியின் சங்கு ஊதினாலும் அதை அப்படியே வாயால் ஊதிக் காட்டுவார். இரண்டு கைகளையும் வாயருகே குவித்து, அடிவயிற்றில் ஆரம்பித்து, கழுத்து நரம்பு புடைக்க மேலே ஏற்றி, கடைசியில் மெல்ல இறக்குவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் சேக்காட்டில் சும்மா இருக்க முடியாமல் ஊதித் தொலைத்தார். எங்கள் தெருவில் பாதிப் பேர் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்துவிட்டார்கள். ஒருவர் எஸ்டேட் கேட் வரை போய், வாட்ச்மேனோடு சண்டையும் போட்டுவிட்டு வந்தார்.

இப்பேர்ப்பட்ட மனிதர் என் கணவர் சேவியருக்கு உயிர் சிநேகிதர். சேவியர் ஃபிட்டர். என் அப்பா வேறொரு ஃபேக்டரியில் ஃபோர்மேன். ஃபோர்மேன் மகள் ஃபிட்டரைக் காதலித்துக் கட்டிக்கொண்டால் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது. அப்பா கல்யாணத்துக்கு வந்தார், பிரியாணி சாப்பிட்டார், போய்விட்டார். அதற்குப் பிறகு ஒரு வருஷமாக சேவியர் அவருக்கு 'அந்தத் தம்பி'தான். 'மாப்பிள்ளை' என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வரவே இல்லை.

அந்த வருஷம்தான் அப்பா ரிடையரானார். ஃபேக்டரிக்குப் பக்கத்திலிருந்த வீட்டைக் காலி செய்துவிட்டு, எந்தச் சங்கும் காதில் விழாத கரையான்சாவடிக்குக் குடிபோனார். அங்கே போன பிறகும் காலையில் முகம் மழித்து, சட்டையை பேண்டுக்குள் விட்டு, கறுப்பு ஷூ மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். "சோறு போட்டா தட்டையே பாத்துக்கிட்டு இருக்காருடி" என்று அம்மா என்னிடம் வந்து புலம்புவாள்.

"ரெண்டு குடும்பமும் சேர்ந்து ராமேஸ்வரம் போய் கடல்ல குளிச்சிட்டு வரலாம்" என்று என் மாமியார் சொன்னபோது அப்பா மறுக்காமல் தலையாட்டினார். இந்தப் பயணத்திலாவது அந்த ஒரு வார்த்தை வந்துவிட வேண்டும் என்று மாதாவிடம் வேண்டிக்கொண்டேன். மாதா என்ன நினைத்தாளோ, எழும்பூர் ஸ்டேஷனுக்குச் சங்குவை அனுப்பி வைத்தாள்.

"இன்னா தங்கச்சி, என்ன வுட்டுட்டு தீவுக்குப் போயிடலாம்னு பாத்தியா?"

நான் சேவியரைப் பார்த்தேன். சேவியர் ஸ்டேஷன் கூரையைப் பார்த்தார்.

லாட்ஜில் முதல் நாள் விடிந்தும் விடியாமல் கிளம்பியது சத்தம். ஏதோ கப்பல் ஊருக்குள் வந்துவிட்டது என்று நினைத்து எல்லா அறைகளிலிருந்தும் ஜனங்கள் வெளியே ஓடி வந்தார்கள். ஒருவர் வாயில் பல்பொடி, இன்னொருவர் இடுப்பில் வெறும் துண்டு. தாழ்வாரத்தின் நடுவில் சங்கு லுங்கியில் நின்று, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். மேனேஜர் படியேறி வந்து கத்தினார். "இன்னொருக்கா இந்தச் சத்தம் கேட்டுச்சு, மொத்தப் பேரும் ரூமைக் காலி பண்ணிருங்க!"

"சாரி சார், டூட்டிக்கு எயுந்துக்கிற சங்கு சார். இனிமே லாட்ஜுல ஊத மாட்டேன், சத்தியமா!"

இதையெல்லாம் அப்பா ஷூவும் சாக்ஸுமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு மானம் போயிற்று. ஃபிட்டரைக் கட்டிய மகள் யார் யாரோடு சேர்ந்திருக்கிறாள் என்று அவர் நேரில் பார்த்தாயிற்று, இனி என்ன இருக்கிறது?

சத்தியம் லாட்ஜுக்குத்தான், கடற்கரைக்கு இல்லை என்பது மத்தியானம் தெரிந்தது. மாமியார் புளிசாதத் தூக்கைத் திறந்ததும் சங்கு பாய்ந்து வந்தார்.

"கைய வெக்காதம்மா! சங்கு ஊதாம எப்டி துன்றது?"

ஊதினார். வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த குடும்பம் பிள்ளைகளை வாரி எடுத்துக்கொண்டு தள்ளிப்போனது. அதில் ஒரு அம்மாள் திரும்பி, "அவரு உங்க வீட்டு ஆளாம்மா?" என்று கேட்டாள்.

"இல்லீங்க, யாருன்னே தெரியாது" என்று சொல்லிவிட்டேன். வெட்கத்தில் காது சுட்டது. சேவல் ஒன்றுதான் கூவவில்லை, இயேசுவையே தெரியாது என்று சொல்லிவிட்ட பேதுருவின் கஷ்டம் அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. இதற்கு நடுவில் அம்மா என் தொடையைக் கிள்ளி, "உங்கப்பா ரெண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிடுறாருடி" என்றாள். அதைக் காதில் வாங்குகிற நிலைமையில் நான் இல்லை.

சாயங்காலம் எல்லோரும் தண்ணீரில் இறங்கினோம். அப்பா மட்டும் கவிழ்த்துப் போட்டிருந்த படகின் மேல், ஷூ மணலில் புதைய, விறைப்பாக உட்கார்ந்திருந்தார். சேவியர் பயந்து பயந்து கிட்டே போனார்.

"மாமா, ஷூவைக் கழட்டிட்டு வாங்களேன். தண்ணி நல்லா இருக்கு."

"பரவாயில்ல தம்பி."

அப்போதுதான் இடுப்பளவுத் தண்ணீரில் நின்ற சங்கு கரையைப் பார்த்துத் திரும்பிக் கையைக் குவித்தார். நீளமான ஊதல், வேலை முடிகிற சங்கு. கடற்கரையே திரும்பிப் பார்த்தது. நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

கண்ணைத் திறந்தபோது அப்பா குனிந்து ஷூ நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தார். சாக்ஸைச் சுருட்டி ஷூவுக்குள் வைத்தார். பேண்டை முழங்கால் வரை மடித்துக்கொண்டு தண்ணீருக்குள் வந்தார். வெயிலே படாத வெளுத்த பாதங்கள்.

"இது எந்த ஃபேக்டரி சங்குப்பா?" என்று சங்குவைக் கேட்டார்.

"உங்களுதுதான் சார். போர்மேன் சாரு வந்துகீறாருன்னு காத்தாலேர்ந்து அதத்தான் ஊதிகினுகீறேன்."

ஒரு அலை வந்து அப்பாவின் காலுக்கடியில் மணலை இழுத்தது. தடுமாறியவர் பக்கத்தில் நின்ற சேவியரிடம் கையை நீட்டினார்.

"மாப்பிள்ளை, கொஞ்சம் கையப் பிடிங்க."

மறுநாள் விடிந்தது. லாட்ஜில் ஒரு சத்தமும் இல்லை. கதவைத் திறந்தால் அப்பா முகம் மழித்து, ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு வெறுங்காலோடு தாழ்வாரத்தில் நிற்கிறார்.

"என்னம்மா, அந்தத் தம்பி இன்னும் ஊதலையே?"

ஓடிப்போய் சங்குவின் கதவைத் தட்டினேன். அவர் எப்போதோ விழித்துக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"மேனேஜருக்கு சத்தியம் பண்ணிகீறேன் தங்கச்சி. உனுக்கு வேற மானம் போவுது. நேத்தே உன் மூஞ்சப் பாத்தேனே."

"போனாப் போகட்டும் அண்ணே, ஊதுங்க."

ஊதினார். கதவுகள் திறந்தன, துண்டுகள் ஓடி வந்தன, மேனேஜர் படியேறி வந்தார். "யார் வீட்டு ஆளுய்யா இது?"

"எங்க வீட்டு ஆளுதான்" என்றேன்.