தொரட்டியில் ஏறிய கல்லூரி சீட்

உலகத்து அறிவாளிகளை எல்லாம் தராசின் ஒரு தட்டிலும், எங்கள் ‘மூளை’ மாமாவை மறு தட்டிலும் உட்கார வைத்தால் எந்தப் பக்கம் சாயும் என்று கேட்காதீர்கள். நிறுக்கவே முடியாது. தராசு எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க மாமா அதற்குள் அதைக் கழற்றிப் போட்டிருப்பார்.

வண்டிப்பெரியாருக்கு மேலே எங்கள் தேயிலை எஸ்டேட்டில் மருந்தடிப்பது அவர் வேலை. யோசிப்பது உபதொழில். சொந்தப் பெயர் எஸ்டேட் ஆபீஸ் பதிவேட்டுக்கு மட்டும்தான் தெரியும்.

ஒரு மழைக்காலத்தில் அட்டைகளைப் பற்றி ஓர் உண்மையைக் கண்டுபிடித்தார். வரிசையாக நடக்கும்போது முதல் ஆளின் காலடி அதிர்வில் அட்டை விழித்துக்கொள்ளுமாம். இரண்டாவது ஆளைத்தான் கடிக்குமாம். கேட்ட அத்தனை பேரும் நம்பினார்கள். மறுநாள் கொழுந்து எடுக்கப் புறப்பட்ட முப்பது பெண்களில் இரண்டாவதாக நடக்க ஒருத்திகூடத் தயாராக இல்லை. ஓராள் மட்டுமே நுழையக்கூடிய பாதையின் முன்னால் முப்பது பேரும் தோளோடு தோள் இடித்து நின்றார்கள். சூப்பர்வைசர் ஓடிவந்து, வேலைநிறுத்தமா என்று பதறினார்.

“அதெல்லாம் இல்ல சார்,” என்றாள் என் அம்மா. “இங்க எல்லாருமே முதல் ஆளு.”

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பிளஸ் டூவில் கம்ப்யூட்டர் பாடத்தில் முழு மதிப்பெண். கொஞ்சம் கர்வத்தோடுதான் எழுதுகிறேன். பி.எஸ்சி. கணிதத்துக்கு சீட் ஒதுக்கியிருந்தார்கள். கடைசி நாளான அன்று மாலை ஐந்து மணிக்குள் போனில் உறுதி செய்யாவிட்டால் அது அடுத்தவருக்குப் போய்விடும். விடாத மழையில் மரம் விழுந்து டவுனுக்கு பஸ் இல்லை. காலையில் எப்படியோ கல்லூரியின் இணையப் பக்கத்தைப் போனில் திறந்து வைத்திருந்தேன். கடைசிப் பொத்தான் மட்டும் பாக்கி. அதற்குள் ரேஞ்சு, அதாவது சிக்னல், போய்விட்டது. வழக்கமாக ரேஞ்சு கிடைக்கும் பாறை மேல் ஏறி நின்றும் போனில் ஒரு கோடுகூட இல்லை. மணி நான்கு.

மாமா வந்தார். வானத்தைப் பார்த்தார், போனைப் பார்த்தார். நிழல் மரக் கிளைகளை ஒடிக்கும் தொரட்டிகள் இரண்டை ஒன்றாகக் கட்டினார். போனைப் பிளாஸ்டிக் பையில் போட்டு நுனியில் தொங்கவிட்டார். வேலை முடிந்த பெண்கள் எல்லாம் பாறைக்கு ஏறி வந்துவிட்டார்கள்.

“யோவ் மூளை, போன் என்னய்யா தப்புப் பண்ணுச்சு, தூக்குல போடுற?” என்றாள் பக்கத்து லயத்து வீட்டுச் செல்லம்மா அத்தை.

தொரட்டி உயர்ந்தது. உச்சியில் டிங், டிங், டிங். இறக்கிப் பார்த்தால், என் தோழிகள் வரிசையாக ‘சேர்ந்துட்டியா?’ என்று கேட்டிருந்தார்கள். பொத்தானை அழுத்தினேன். வட்டம் சுற்றிச் சுற்றி, முடியவில்லை என்றது. மூன்று முறை இதே கதை. மேலே ரேஞ்சு இருக்கிறது, அழுத்த விரல் இல்லை. கீழே விரல் இருக்கிறது, ரேஞ்சு இல்லை. நான்கு முப்பத்தைந்துக்கு நான் அழ ஆரம்பித்துவிட்டேன்.

மாமா தலையைச் சொறிந்தார். “ஏத்தா, நீ கீழயே அமுக்கு. அது சுத்த ஆரம்பிக்கும்ல, சுத்திக்கிட்டே மேல போகட்டும்.”

அப்படியெல்லாம் வேலை செய்யாது என்று முழு மதிப்பெண் தொனியில் சொன்னேன்.

“படிச்சத அப்புறம் சொல்லு. இப்ப அமுக்கு.”

அழுத்தினேன். சுற்றும் வட்டத்தோடு போன் மழைக்குள் உயர்ந்தது. முப்பது பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். மாமா நூறு வரை எண்ணிவிட்டு இறக்கினார். திரையில் பச்சை எழுத்து. சீட் உறுதியாகிவிட்டது. அம்மா என்னைக் கட்டிக்கொண்டாள். “நெசமாவே மூளைதாய்யா,” என்றாள் செல்லம்மா அத்தை.

மாமா மறுபடியும் போனைக் கட்டித் தூக்கினார்.

“எதுக்கு மாமா? அதான் கிடைச்சிருச்சே.”

“இன்னும் அஞ்சாகல. அதுவரைக்கும் வேற யாரும் எடுத்துறாமப் பிடிச்சுக்கிறேன்.”

மற்றவர்கள் சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார்கள். மாமா கை மாற்றி மாற்றிப் பிடித்தார். தொரட்டி இறங்கவில்லை. உறுதியான சீட்டை யாராலும் எடுக்க முடியாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் அம்மாவின் குடையை வாங்கி, ஐந்து மணிக்கு ஃபாக்டரிச் சங்கு ஊதும்வரை அவர் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றேன்.