பதினாறடி ஹாலும் காணாமல் போன தவிலும்

மாமனார் வீட்டிலிருந்து வந்த எந்தப் பொருளையும் "இதைவிட நன்றாக ஆக்கிக் காட்டுகிறேன்" என்று ஒரு மருமகன் சொல்லக் கூடாது. வாங்கி, துடைத்து, மூலையில் வைத்துவிட வேண்டும். இது எனக்கு இப்போது தெரியும். அப்போது வேறு நிறைய விஷயங்கள் தெரிந்திருந்தன. அதுதான் சிக்கல்.

என் மாமனாருக்கு டி. கல்லுப்பட்டிப் பக்கம் பருத்தி விவசாயம். நல்ல மகசூல் கண்ட ஓர் ஆண்டில் ரேடியோகிராம் வாங்கினார். (எந்த ஆண்டு என்று மூன்று பேரிடம் விசாரித்தேன், மூன்று பதில்கள். வழக்கு இன்னும் நிலுவையில்.) பீரோவைப் படுக்கப் போட்டது போலிருந்த அந்தப் பெட்டியைப் பிற்காலத்தில் கரையான் தின்று தீர்த்தது. உள்ளே இருந்த இரண்டு ஸ்பீக்கர்களை மட்டும் ஏனோ விட்டுவைத்தது. ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அகலம். பின்னால் தேங்காய் கனத்துக்குக் காந்தம், முன்னால் காகிதக் கூம்பு.

மாமாவின் கல்யாணத்தில் வாசித்த நாதசுரத்தையும் தவிலையும் அவருடைய நண்பர் ஒருவர் டேப்பில் பதிவு செய்திருந்தார். டேப் கேசட்டாகி, கேசட் பென் டிரைவாகியிருந்தது. ரேடியோகிராம் உயிரோடு இருந்தவரை, டேப் ரெக்கார்டரை அதில் இணைத்துக் கல்யாண நாள் தோறும் போட்டுக் கேட்பார். அது போன பிறகு செல்போன்தான். "தவிலு தகர டப்பாவத் தட்டுற மாதிரி இருக்கு" என்று அவர் வருத்தப்பட்ட ஒரு நாளில்தான் நான் வாயைத் திறந்தேன்.

"மாமா, அந்த ஸ்பீக்கரு ரெண்டையும் குடுங்க. நல்ல பெட்டி செஞ்சு மாட்டுறேன். ஒங்க கல்யாணத் தவிலு நெஞ்சுல வந்து இடிக்கும் பாருங்க."

மாமா யோசித்தார். "கொண்டு போங்க மாப்ள. ஆனா இடிக்கலைன்னா பெரிய மாப்ளைக்குக் குடுத்துருவேன். அவரும் கேட்டுக்கிட்டே இருக்காரு."

பெரிய மாப்ள என்றால் என் சகலை. பழங்காநத்தத்தில் செல்போன் கடை வைத்திருக்கிறார். கலர் கலராக விளக்கு எரியும் பார்ட்டி ஸ்பீக்கர் ஒன்று அவர் வீட்டில் இன்னொரு பிள்ளை மாதிரி வளர்கிறது. என் மாமனாரின் ஸ்பீக்கர்களை அவர் எதற்குக் கேட்டார் தெரியுமா? கார் டிக்கியில் வைக்க. அந்தக் காந்தங்கள் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் கிடக்கும் காட்சியை நினைத்தாலே எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆகவே படித்தேன். பெட்டியின் கொள்ளளவு, பலகையின் கனம், காற்றுத் துளையின் நீளம் என்று கிடைத்ததையெல்லாம் படித்தேன். கூம்பிலிருந்த கிழிசல்களை மெல்லிய காகிதத்தாலும் பசையாலும், தூங்கும் குழந்தைக்கு நகம் வெட்டுகிற கவனத்தோடு ஒட்டினேன். பெட்டி செய்யும் வேலையை அவனியாபுரத்தில் எங்கள் தெருவுக்குப் பின்னால் பட்டறை வைத்திருக்கும் கருப்பையாவிடம் கொடுத்தேன். அதுவரை அவர் செய்ததெல்லாம் கட்டிலும் அலமாரியும்தான்.

"இந்த ஓட்டை எதுக்குண்ணே?"

"காத்துக்கு. உள்ள இருக்கிற காத்து வெளிய வந்தாத்தான் தவிலுச் சத்தம் கனமா கேக்கும்."

"பூனை போயிருமேண்ணே. ஒரு வலை அடிச்சிரட்டா?"

"வேணாம்."

"சரி, பூட்டு?"

"ஸ்பீக்கருக்கு எதுக்குப்பா பூட்டு?"

"அம்புட்டு நல்ல பலகைண்ணே. பூட்டு இல்லன்னா பாக்குறவுக என்ன நெனைப்பாக?"

பூட்டு வந்தது. சாவி இரண்டு.

பெட்டி முடிந்தபோது ஆடி பிறந்துவிட்டது. "ஆடியில புதுசா ஒண்ணையும் ஹால்ல வச்சு ஆரம்பிக்கப்படாது" என்றாள் என் மனைவி செல்வி. அதனால் மொட்டை மாடியில் வைத்துச் சோதித்தேன். (மொட்டை மாடி வீட்டுக்குள் சேராது என்பது என் வாதம். அவளும் பெருந்தன்மையாக ஒத்துக்கொண்டாள்.) ஆகா! தண்ணீர்த் தொட்டியின் மூடி தவிலுக்குச் சரியாகத் தாளம் போட்டது. நான் வெற்றி பெற்றவனாகக் கீழே இறங்கினேன். பெட்டி ஆவணி பிறக்கும்வரை வேட்டி போர்த்திக்கொண்டு ஹாலில் ஊமையாக நின்றது.

எங்கள் ஹாலைப் பற்றிச் சொல்ல வேண்டும். பதினாறுக்குப் பதினாறு, அச்சான சதுரம். வீடு கட்டும்போது கொத்தனார் நீளவாக்கில் இழுக்கலாம் என்றார். நான்தான் மனையடி சாஸ்திரத்தைப் பிரித்துக் காட்டி, பதினாறடிக்குச் செல்வம் பெருகும் என்று வாதாடி ஜெயித்தேன். கனமான பொருள் கன்னி மூலையில்தான் இருக்க வேண்டும் என்பதால் பெட்டியும் கன்னி மூலைக்குப் போனது. மாமாவுக்கான தேக்கு நாற்காலியை ஹாலின் நட்ட நடுவில், டேப்பால் அளந்து, சாக்பீஸால் குறி போட்டு வைத்தேன்.

ஆவணி முதல் ஞாயிறு. (சகலை இரண்டாம் ஞாயிறு என்பார். தவறு. இரண்டாம் ஞாயிறு அவர் திருச்செந்தூரில் மொட்டை போட்டுக்கொண்டிருந்தார். படம் இருக்கிறது.) மாமாவும் அத்தையும் ஊரிலிருந்து வந்தார்கள். சகலை இஞ்சி டேப்போடு வந்தார். "டிக்கிய அளந்துட்டேன் சகலை. பெட்டியையும் ஒரு தடவ பாத்துக்கிறேன்" என்றார், சிரித்த முகமாக.

நான் முதலில் உரையாற்றினேன். ஒலிபெருக்கியின் தோற்றம், வளர்ச்சி, என் பங்களிப்பு. அத்தை கொட்டாவி விட்டதும் சுருக்கிக்கொண்டு பாட்டைப் போட்டேன்.

நாதசுரம் பளிச்சென்று வந்தது. தவில் வரவில்லை.

வரவே இல்லை என்று சொல்ல முடியாது. பக்கத்து ஊரில் யாரோ தலையணையைத் தட்டிப் போடுகிற மாதிரி ஒன்று கேட்டது. மாமா நாற்காலியில் முன்னால் சாய்ந்தார். நான் சத்தத்தைக் கூட்டினேன். நாதசுரம் காதைக் கிழித்தது. தலையணை அப்படியே இருந்தது. திடீரென்று ஒரு கனத்த உறுமல் எழுந்து நாற்காலி அதிர, மாமா முகம் மலர்ந்து, "ஆங்! இப்பத்தான் மாப்ள விழுகுது!" என்றார்.

"அது ஏரோப்பிளேனுங்க" என்றார் அத்தை.

"சகலை, நாயனக்காரரு மட்டும் வந்திருக்காரு. தவிலுக்காரரு பஸ்ஸ விட்டுட்டாரு போல" என்றார் சகலை.

ஒயரைப் பிடுங்கிச் செருகினேன். காற்றுத் துளைக்குள் கையை விட்டுத் துழாவினேன். பூட்டைக்கூடத் திறந்து பார்த்தேன். சகலை குனிந்து பெட்டியை அளக்கத் தொடங்கியிருந்தார். மாமா என்னைப் பார்த்து, "சரி மாப்ள... நீங்களும் கஷ்டப்பட்டுத்தான் செஞ்சிருக்கீங்க" என்றார். நல்ல மனிதர்கள் தீர்ப்பை இப்படித்தான் தொடங்குவார்கள்.

இதற்கிடையில் அத்தை எழுந்து பாத்ரூமுக்குப் போயிருந்தார். அது பெட்டி நின்ற சுவரின் மறுகோடியில், வாயு மூலையில் இருக்கிறது. போனவர் ஈரக் கையோடு கதவைத் திறந்து தலையை நீட்டினார்.

"ஏங்க! இங்க வாங்க. தவிலு இங்கன இருக்கு!"

"பாத்ரூமுக்குள்ளயா?"

"நம்ம கல்யாணமே இங்கதாங்க நடக்குது!"

மாமா உள்ளே போனார். போனவர் வரவில்லை. நானும் சகலையும் பின்னாலேயே போனோம். உள்ளே தவில் இடியாக இறங்கிக்கொண்டிருந்தது. வாளியில் மக் தானாகச் சுற்றியது. சோப்புப் பெட்டி பலகையின் விளிம்பை நோக்கி நடந்தது. மாமா இன்னொரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார்.

"கதவச் சாத்துங்க மாப்ள. இன்னும் நல்லாக் கேக்கும்."

சாத்தினேன். நன்றாகத்தான் கேட்டது. வாஷிங் மெஷினுக்கும் சுவருக்கும் இடையில் சகலை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். பதிவில் யாரோ "கெட்டிமேளம், கெட்டிமேளம்!" என்று கத்த, நாங்கள் நால்வரும் மூட்டையிலிருந்த நெல் மாதிரி குலுங்கினோம்.

"இடிக்குது மாப்ள! இடிக்குது!" மாமா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார்.

"இந்தா, இப்பத்தான் தாலி கட்டுறீங்க. கை என்னமா நடுங்குச்சு ஒங்களுக்கு" என்றார் அத்தை.

"அது தவிலு அதிர்ச்சியில நடுங்குனதுடி."

"இம்புட்டு வருசமா இதச் சொல்லலையே?"

"இப்பத்தான அதிருது!"

அந்த நேரம் பார்த்து செல்வி அடுக்களையிலிருந்து வடைத் தட்டோடு ஹாலுக்கு வந்திருக்கிறாள். நாற்காலி இருக்கிறது, சாக்பீஸ் குறி இருக்கிறது, பெட்டி முழு வேகத்தில் பாடுகிறது. ஆள் ஒருவரும் இல்லை.

"எங்க எல்லாரும்?"

பாத்ரூமுக்குள்ளிருந்து சகலை குரல் கொடுத்தார். "இரும்மா செல்வி, தாலியக் கட்டிட்டு வந்துர்றோம்!"

டவுன் பஸ்ஸிலிருந்து இறங்குவது போல நாங்கள் ஒவ்வொருவராக வெளியே வந்ததை அவள் வடைத் தட்டை ஏந்தியபடி பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசியாக மாமா வந்தார். வேட்டி நனைந்திருந்தது. முகத்தில் மாப்பிள்ளைக் களை.

சகலை இஞ்சி டேப்பைச் சுருட்டாமலே கேட்டார். "அப்ப மாமா, ஸ்பீக்கரு?"

"நீங்க கொண்டு போயி என்ன செய்வீங்க மாப்ள? பாத்ரூமையும் சேத்து டிக்கியில ஏத்த முடியுமா?"

ஸ்பீக்கர்கள் என்னிடமே தங்கின. எப்படித் தங்கின என்பதை வெளியில் விரிவாகச் சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

பிறகுதான் மீதியைப் படித்தேன். சச்சதுரமான அறை கனத்த ஓசைக்கு ஆகவே ஆகாதாம். சுவருக்குச் சுவர் மோதித் திரும்பும் அலைகள் நட்ட நடுவில் ஒன்றையொன்று தின்றுவிட்டு மூலைகளில் போய்க் குவியுமாம். பெட்டிக்கு இம்மி இம்மியாக அளவெடுத்த நான் அறையைப் பற்றி ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை. ஒரு சுவரை மட்டும் கொஞ்சம் நகர்த்தலாமா என்று செல்வியிடம் கேட்டேன். "செவுத்துல கைய வச்சீங்கன்னா நீங்களும் அந்தப் பாத்ரூம்லதான் படுக்கணும்" என்றாள். நாற்காலியைச் சுவரோரம் தள்ளிப் பார்த்தேன். தவில் முக்கால்வாசி வந்துவிட்டது. மாமாதான் ஒப்பவில்லை. கல்யாண நாளன்று வந்தால் கையோடு ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு நேரே உள்ளே போய்விடுகிறார்.

எங்கள் குடும்பத்தில் இப்போது யாரும் பாத்ரூமுக்குப் போவதில்லை, கெட்டிமேளத்துக்குத்தான் போகிறோம். சென்ற தை மாதம் சகலை மகளுக்கு நிச்சயதார்த்தம். தட்டு மாற்றப்போகிற நேரத்தில் மாமா மெதுவாக எழுந்தார். "எங்க கெளம்பிட்டீங்க?" என்றார் அத்தை. "கெட்டிமேளத்துக்கு நேரமாச்சு" என்றார் மாமா. நாங்கள் எல்லோரும் பழக்கதோஷத்தில், பாத்ரூம் இருக்கும் கொல்லைப் பக்கம் கையைக் காட்டினோம். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் பதறி எழுந்து, "அண்ணே, என்ன அவசரம்? இன்னும் தேதியே குறிக்கலையே!" என்றார்.