வல்லாரையும் வசனமும்

இதை எனக்கு முதலிற் சொன்னவர், சுன்னாகம் சந்தையில் கீரை விற்கும் றோஸ். கீரைக் கட்டில் புல்லைச் சேர்த்துக் கட்டாதவர். கதையிலும் அப்படித்தான்.

பண்டத்தரிப்புப் பரமலிங்கம் முப்பத்தைந்து ஆண்டுகளாக மேடையில் நகைச்சுவை நடிகர். அவர் வாய் திறக்குமுன்பே சனம் சிரிக்கத் தொடங்கிவிடும். வீட்டிலே அவர் சிரித்ததை மட்டும் எவரும் கண்டதில்லை. ஊரைச் சிரிக்கவைத்துவிட்டு வருகிறவனுக்குத் தான் சிரிக்கத் தெம்பிருக்காது என்பது அவருடைய விளக்கம்.

அந்தக் களைப்புக்கு அவர் கண்ட ஒரே மருந்து வல்லாரை. பச்சையாக அரிந்து, தேங்காய்ப்பூவும் சின்னவெங்காயமும் பச்சைமிளகாயும் சேர்த்து, தேசிக்காய் பிழிந்த சம்பலாகக் காலைதோறும் அது இலையில் விழவேண்டும். அன்றைக்கு வல்லாரை இல்லையென்றால் அன்றைக்குப் பகிடியும் இல்லை. தம்முடைய கற்பனை அத்தனையும் அந்தச் சிறிய வட்ட இலையிலிருந்தே ஊறுகிறதென்று அவர் மனப்பூர்வமாக நம்பினார். அந்த நம்பிக்கையில், மனைவி றஜிதா சீட்டுப் பிடித்துச் சேர்த்த முப்பத்திரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாவை வாங்கி, கிணற்றடியில் நிழல்வலை கட்டி வல்லாரைப் பாத்தியும் போட்டார். பாத்தி தழைத்தது. காசு திரும்பவில்லை.

இந்த நிலையில் நாடகக் குழுத் தலைவர் சந்தியோகு வீட்டுக்கு வந்தார். ஐப்பசியில் ஒரு மணி நேரம் பரமலிங்கம் தனியாக மேடையில் நிற்கவேண்டும். பகிடி எல்லாம் புதிதாக இருக்கவேண்டும். சம்பளம் ஐம்பதினாயிரம்.

சந்தியோகு படலையைத் தாண்டியதும் றஜிதா சொன்னார்:

"இந்த முறை என்ரை சீட்டுக் காசு வரவேணும். வராட்டி நடிப்பை விட்டிட்டுத் தம்பியின்ரை சீமெந்துக் கடையிலை போய் இருங்கோ."

"கலைஞனைச் சீமெந்துக் கடையிலை இருத்துறதோ?"

"ஓம். அங்கை மின்விசிறி இருக்கு. களைப்பும் ஆறும்."

பரமலிங்கம் அன்றிரவே ஒரு மாபெரும் முடிவுக்கு வந்தார். பகிடி பெருகவேண்டுமானால் வல்லாரை பெருகவேண்டும். மூன்று வேளையும் சம்பல். அதுவும் தாமே பிடுங்கி, தாமே ஆய்ந்தது. வீட்டில் பூரண அமைதி.

"இஞ்சேரும், மூண்டு கிழமைக்கு என்னோடை கதையாதையும்."

"சாப்பிடக் கூப்பிடலாமோ?"

"கையைக் காட்டும். வாறன்."

"நல்லது," என்றார் றஜிதா. அந்த 'நல்லது' அத்தனை சுலபமாக வந்தபோதே பரமலிங்கம் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். களைப்பிலே விட்டுவிட்டார்.

ஒன்பது நாட்கள் கழிந்தன. நகம் கறுத்தது. வயிறு பொருமியது. கொப்பியில் ஒரேயொரு வசனம் இருந்தது: 'ஓர் ஊரில் ஒரு மாடு இருந்தது.' பத்தாம் நாள் மாட்டை வெட்டிவிட்டு ஆடு என்று எழுதினார். நிலைமை முன்னேறவில்லை.

அன்று கிணற்றடியிலிருந்து சிரிப்பொலி வந்தது. சந்தைக்குக் கீரை எடுக்க வந்த றோஸ் சுளகின் ஒரு பக்கமும், றஜிதா மறுபக்கமும் இருந்து வல்லாரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள்.

"எங்கடை மனுசன் சந்தைக்குப் போனால் கத்தரிக்காயைக் கையிலை எடுத்துச் சுகம் விசாரிப்பார். விலை மட்டும் விசாரிக்கமாட்டார்," என்றார் றஜிதா.

"அந்தக் கனடாக்காரர்?" றோஸ் தூண்டினார்.

"அதையேன் கேக்கிறாய். போகமுதல் உச்சி வெயிலிலை தோட்டத்திலை வெங்காயம் கிண்டின மனுசன். இப்ப குளிக்கப் போறதுக்கும் தொப்பி, கறுப்புக் கண்ணாடி. கிணத்துத் தவளை ஆரோ பெரிய அதிகாரியெண்டு எழும்பி நிண்டிட்டுது."

றோஸ் சுளகைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். பரமலிங்கம் சிரிக்கவில்லை. உள்ளே போய்ப் பழைய கொப்பிகளை எடுத்துப் புரட்டினார். கோயில் திருவிழாவில் மூன்று முறை கைதட்டு வாங்கிய சம்பந்தி வசனம், றஜிதா தம் மாமியாரைப் பற்றிச் சொன்னது. குடை தொலைத்த வாத்தியார், றஜிதாவின் சிறிய தகப்பனார். ஆண்டாண்டாகக் காலையில் தேநீரோடு சுளகருகே குந்தியிருந்து, வல்லாரைக்குக் காத்திருப்பதாக எண்ணி அவர் கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தான். இலை வயிற்றுக்குப் போயிருக்கிறது. பகிடி காதுவழியாக வந்திருக்கிறது.

இதை மனைவியிடம் ஒப்புக்கொள்வதைவிடச் சீமெந்துக் கடையே மேல் என்று தோன்றியது. ஆயினும் மறுநாட் காலையில் சுளகருகே போய் நின்றார்.

"வல்லாரையை இனி நீரே ஆயும்."

"ஏன், உங்கடை கைக்கு என்ன நடந்தது?"

"நகம் கறுத்துப் போச்சு."

"அப்ப நான் கதைக்கலாமோ?"

"கதையும். எனக்கென்ன, நான் பேப்பர் பாக்கப்போறன்."

பத்திரிகைக்குப் பின்னால் கொப்பி இருந்தது. றஜிதா கதைத்தார். முன்னெப்போதும் இல்லாதபடி ஆறுதலாக, ஒவ்வொரு சொல்லாகக் கதைத்தார். சில இடங்களில் சொன்னதையே இரண்டாம் முறையும் சொன்னார். பாவம், வயது போகிறது என்று இரங்கியபடி பரமலிங்கம் விடுபட்ட சொற்களை நிரப்பிக்கொண்டார். மூன்றாம் கிழமை முடியக் கொப்பியும் முடிந்தது.

ஐப்பசியில் மண்டபம் அதிர்ந்தது. தவளை எழுந்து நின்ற இடத்தில் சனம் நாற்காலியை விட்டு எழுந்து நின்றது. திரை விழுந்ததும் பரமலிங்கம் வியர்வையைத் துடைத்துக்கொண்டு மேடைக்குப் பின்னால் கிடந்த ஒரு நீள மர வாங்கில் சாய்ந்தார். சந்தியோகு கடித உறையை நீட்டினார்.

"அண்ணை, எழுதின ஆளுக்குப் பதினேழாயிரத்து ஐந்நூறு கழிச்சிருக்கு. மிச்சம் உங்கடை."

"எழுதின ஆளோ? எழுதினது நான்."

"றஜிதா அக்கா போன கிழமையே தன்ரை கொப்பியைக் கொண்டந்து தந்திட்டா. நீங்கள் சொன்ன அத்தனையும் அதே ஒழுங்கிலை இருக்கு. நீங்கள் இருமவேண்டிய இடமும் போட்டிருக்கு. அடுத்த வருசத்துக்கும் தானே எழுதித் தாறன் எண்டவ."

பரமலிங்கம் இருமினார். அது கொப்பியில் இல்லாத இருமல்.

வீட்டில் றஜிதா அவருக்கு முன்னரே வந்து தேநீர் போட்டு வைத்திருந்தார்.

"எனக்கு ஒரு சொல் சொல்லியிருக்கலாமே," என்றார் பரமலிங்கம்.

"நீங்கள் எனக்குச் சொன்னனீங்களோ? முப்பது வருசமாய் முன்வரிசையிலை இருந்து, என்ரை கதையை நானே காசு குடுத்துக் கேட்டனான்."

"நடிச்சது நானல்லோ?"

"ஓம், வடிவாய் நடிச்சியள். பத்திரிகை வாசிக்கிற மாதிரி நடிச்சதுதான் இன்னும் வடிவு. சரி, சீட்டுக் காசு?"

அவருக்கு வாதாடத் தெம்பில்லை. கடித உறையைப் பிரிக்காமலே நீட்டினார். றஜிதா தாள்களை விரலில் எச்சில் தொட்டு இரண்டு முறை எண்ணினார். ஒரு ரூபா கூடவில்லை, ஒரு ரூபா குறையவில்லை: முப்பத்திரண்டாயிரத்து ஐந்நூறு.