துண்டுக்கு அடியில் ஒற்றை விரல்

ஆம்பூர்,
புதன்கிழமை.

மகாராஜராஜஸ்ரீ சாமிநாதன் மாப்பிள்ளை அவர்கள் சமுகத்துக்கு, உங்கள் மனைவியின் தமையன் முனிரத்தினம் எழுதிக்கொண்டது.

இவ்விடம் க்ஷேமம் என்று தொடங்குவது முறை. என் முதுகில் ராஜபிளவைக் கட்டி கிளம்பியிருப்பதை ஞாயிற்றுக்கிழமை நீங்களே பார்த்துவிட்டு அரக்கோணம் திரும்பியபடியால் அந்தப் பொய்யை விட்டுவிடுகிறேன். அவ்விடம் க்ஷேமமாகத்தான் இருக்கும். உங்களுக்கு எப்போதும் அப்படித்தான். குப்புறப் படுத்து எழுதுகிறேன். எழுத்து கோணினால் அது முதுகின் குற்றம், படிப்பின் குற்றமல்ல.

வேலூர் டாக்டர் சொன்னது இதுதான். வெட்டினால் பிழைக்கலாம், சர்க்கரை வியாதி இருப்பதால் புண் ஆறாமலும் போகலாம். வெட்டாமல் பற்றுப் போட்டால் தானே உடையலாம், விஷம் ரத்தத்தில் ஏறி உயிரும் போகலாம். வெள்ளிக்கிழமைக்குள் நீரே முடிவு செய்யும் என்றார். என் முதுகை நானே பார்க்க முடியாது, ஆகையால் பிறரைத்தான் கேட்க வேண்டும். கேட்பதில் உள்ள ஆபத்து எனக்குத் தெரியும். என் தகப்பனாருக்குக் காலில் புண் வந்தபோது உங்கள் தகப்பனார் ‘கத்தி வேண்டாம்’ என்றார். சுற்றியிருந்த அத்தனை தலைகளும் ஆடின. பிற்பாடு கேட்டால் ஒவ்வொருவர் மனதிலும் வேறு நினைப்பாம், பெரியவர் முகத்துக்காகச் சும்மா இருந்தார்களாம். முகத்துக்காக முதலில் கால் போயிற்று, பிறகு ஆளே போனார். நீங்கள் மறந்திருப்பீர்கள். நான் மறக்கவில்லை.

அதனால்தான் எஃப்.ஏ. வரை படித்தவன் என்ற முறையில் ஓர் ஏற்பாடு செய்தேன். எங்கள் தோல் மண்டியில் விற்கிறவனும் வாங்குகிறவனும் கைகளைத் துண்டால் மூடி, அதனடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது, யார் முகத்துக்கும் அஞ்ச வேண்டாம். நான் அங்கே இங்கிலீஷ் கடிதம் எழுதுகிறவன், யார் கையையும் பிடித்ததில்லை. ஆனாலும் முறை தெரியும். ஒற்றை விரலைப் பிடித்தால் கத்தி, இரண்டு விரலென்றால் பற்று. இதைப்பற்றி என்னிடமோ ஒருவருக்கொருவரோ வாய் திறப்பதில்லை என்று அவரவர் சாமி பேரில் சத்தியம் வாங்கிக்கொண்டேன். பிறகு நடந்ததை நீங்களும் பார்த்தீர்கள். மண்டியில் தோல் தரம் பிரிக்கும் நசீர் அகமது என் முதுகைத் தடவி, இழுத்து, வெளிச்சத்துக்குத் திருப்பி, “முனிரத்தினம் சார், மாட்டுத் தோலா இருந்தா ரிஜெக்சன்ல தள்ளியிருப்பேன்” என்றார். என் சம்சாரம் ஜெயம்மாள் சும்மா இருப்பாளா? “மத்த எடமெல்லாம் நல்லா பாருங்க பாய், இருவது வருசமா நான் வெச்சினுகிற சரக்கு” என்றாள்.

தலையணையில் முகம் புதைத்துக் கையை நீட்டினேன். ஜெயம்மாள், நசீர், மண்டி முதலாளி சாயபு, நீங்கள். நாலு கைகளில் மூன்று கைகள் இரண்டு விரலைப் பிடித்தன. ஒன்று மட்டும் ஒற்றை விரலை நசுக்கியது; அதில் உங்கள் தபாலாபீஸ் முத்திரை மை பிசுபிசுத்தது. என்னை வெட்டச் சொன்ன ஒரே ஆள் நீங்கள். உங்கள் கல்யாணத்துக்கு முதல்தரத் தோலில் நான் தைப்பித்துக் கொடுத்த பூட்ஸைக் கடிக்கிறது என்று திருப்பி அனுப்பினீர்களே, அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

பெரும்பான்மைப்படி ஆளிவிதைப் பற்றுதான் போட்டு வருகிறேன். வீக்கம் தோள்வரை ஏறிவிட்டது, ஜுரமும் ஜாஸ்தி. ஆனாலும் முடிவு முடிவுதான். அந்த மூவரின் பிரியத்தை என்னவென்று எழுதுவேன்! ஜெயம்மாள் கஞ்சி கொண்டுவரும்போதெல்லாம் ஒரு துண்டை என் கைமேல் போர்த்துகிறாள். நான் வாயைத் துடைத்துத் திருப்பிக் கொடுக்கிறேன். அவள் முகம் சுண்டிப்போகிறது. நேற்று முதலாளியும் தன் தோள்துண்டை என் கைமேல் விரித்தார். “குளிரில்லை பாய், வெறும் ஜுரந்தான்” என்று மடித்துக் கொடுத்தேன். “இன்னா மனுசன்யா நீ!” என்று சொல்லி எழுந்து போய்விட்டார். நசீரும் வந்து துண்டோடு கையை நீட்டினார். விடைபெறுகிறாராக்கும் என்று குலுக்கி அனுப்பினேன்.

இனி நீங்கள் என் வீட்டுப் படி ஏற வேண்டாம். தங்கையைத் தீபாவளிக்குத் தனியே அனுப்பவும். அவளுக்கும் குழந்தைகளுக்கும் சகல சௌபாக்கியமும் உண்டாகட்டும். உங்களுக்கு, உறவுமுறை கருதி, ஒரு வந்தனம்.

இப்படிக்கு,
முனிரத்தினம்.

பி.கு.: உறையை ஒட்டப் பசை கேட்டேன். ஜெயம்மாள் துண்டை என் தலையணைமேல் வீசினாள்.

“சத்தியமாவது ஒண்ணாவது! இன்னாங்க, கடைசி வரைக்கும் கைய நீட்டவே மாட்டீங்களா?”

“நீட்டியாயிற்றே?”

“மொத பிடியிலயே யார்னா நெசத்த சொல்வாங்களா? பேர்ணாம்பட்டு தரகர் பொண்ணுங்க நான். வேணும்ங்கற சரக்க வேணாம்னுதான் ஆரம்பிப்போம். நீங்க கைய உதறுவீங்க, அடுத்த பிடியில கத்திக்கு வரலாம்னு இருந்தோம். நீங்க ஒரே பிடியில கைய இழுத்துக்கினீங்க. அன்னையிலேர்ந்து மூணு பேரும் துண்டோட அலையறோம், அதுலயே அவங்க மனசும் எனக்குத் தெரிஞ்சிபோச்சு!”

“வாயைத் திறந்து சொல்வதற்கென்ன?”

“வாயத் தொறக்காதன்னு சத்தியம் வாங்கினது யாரு?”

மூவர் மனதிலும் கத்திதான். முதல் பிடியிலேயே நினைத்ததைப் பிடித்தது மண்டி வழக்கம் அறியாத உங்கள் கை ஒன்றே. ஜட்கா வாசலில் நிற்கிறது, வேலூருக்குப் புறப்பட்டுவிட்டோம். வேறு கடிதம் எழுத நேரமில்லை. மேலே உள்ளதில் தங்கைக்கான வாழ்த்தைத் தவிர மற்றதை அடித்துவிட்டுப் படிக்கவும். வெள்ளிக்கிழமை காலை மயக்க மருந்து கொடுக்குமுன் டாக்டர் மறுபடியும் “சம்மதமா?” என்று கேட்பாராம். அந்த நேரத்தில் எனக்குத் தைரியம் போய்விடும். பேரம் பேசத் தெரியாத கை ஒன்று பக்கத்தில் வேண்டும். அவசியம் வரவும்.

பூட்ஸ் விஷயம் மட்டும் அப்படியே நிற்கிறது.