அருவிக்குப் பின்னால் போகாதவன்

இந்த சனிக்கிழமை கல்லரக்கனைக் கொன்றே தீருவது என்று முடிவு செய்தேன். பதினெட்டு வருஷமாக உயிரோடு இருக்கிறான். போதும்.

யாரும் பயப்பட வேண்டாம். நான் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவன். என் கையால் இதுவரை செத்ததெல்லாம் கொசுதான், அதுவும் வயதான கொசு. கல்லரக்கன் என்பவன் ஒரு வீடியோ கேமின் கடைசி வில்லன். கல்யாணமான புதிதில் வாங்கிய மெஷின், கல்யாணமான புதிதில் ஆரம்பித்த கேம். வாளைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய், வழியில் வருகிற பூதங்களை எல்லாம் அடித்து, பலம் சேர்த்து, கடைசியில் மலை உச்சியில் இவனைச் சந்திக்க வேண்டும். சந்தித்தேன். நூறு தடவைக்கு மேல் சந்தித்திருப்பேன். ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு தட்டு தட்டுவான். நான் தரையோடு தரையாகிவிடுவேன்.

இந்த மாதிரி விளையாட்டுகளைப் பற்றி எனக்குக் கறாரான கருத்துகள் உண்டு. சண்டைதான் உயிர். சண்டை என்றால் கண்ட பட்டனைக் கண்டபடி அமுக்குவது அல்ல. எந்த எதிரியும் அடிப்பதற்கு முன்னால் ஒரு ஜாடை காட்டுவான். ஒருவன் தோளைத் தூக்குவான், ஒருவன் மூச்சை இழுப்பான். அந்த அரை நொடியில் தரையில் உருண்டு தப்பிக்க வேண்டும். உடனே எழுந்து இரண்டு அடி. மூன்றாவது அடி பேராசை. நான் செத்ததில் பாதி மூன்றாவது அடியில்தான். சண்டையை விட்டுவிட்டு, அந்தக் குடிசைக்குள் என்ன, இந்தப் புதருக்குள் என்ன என்று ஊர் சுற்றுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. பூ பார்க்கத்தான் போகிறாய் என்றால் கையில் வாள் எதற்கு?

இந்த உருளும் கலை வீட்டிலும் உதவும். என் மனைவிக்கு நில அளவை ஆபீசில் வரைபடம் போடுகிற வேலை. எனக்கு ஒரு வேலை வைக்கப் போகிறாள் என்றால், முதலில் மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளுவாள். பிறகு மூச்சை இழுப்பாள். அந்த அரை நொடியில் நான் உருண்டுவிடுவேன். கடையில் யாரோ அவசரமாக லென்ஸ் கேட்டிருப்பார்கள், இல்லையென்றால் எனக்குக் குளிக்க வேண்டியிருக்கும். எங்கள் வீட்டுப் பரண் பதினெட்டு வருஷமாகச் சுத்தம் செய்யப்படாமல் இருக்கிறது என்றால் அது என் திறமை.

அந்தக் காலத்தில் அவளும் என் பக்கத்தில் உட்காருவாள். சோஃபாவில் என் இடது பக்கம். மடியில் கிராஃப் தாள், கையில் பென்சில். ஆபீஸ் பழக்கம். கேமில் நான் போகிற ஒவ்வொரு காட்டையும் குகையையும் அளவு பிசகாமல் வரைவாள். "அங்க என்ன இருக்கு, பாருங்களேன்" என்பாள். நானும் போவேன். புது மாப்பிள்ளை, எங்கே சொன்னாலும் போவேன். நானே அவளுக்கு ஒரு பாடம்கூடச் சொல்லிக்கொடுத்தேன். கேம் ஆரம்பித்ததும் எல்லாரும் முன்னால் ஓடுவார்கள், ஓடக் கூடாது, முதலில் திரும்பிப் பார்க்க வேண்டும், நாம் நிற்கிற இடத்துக்குப் பின்னாலேயே கேம் செய்தவன் ஒரு பெட்டியை ஒளித்து வைத்திருப்பான் என்று. எவ்வளவு அழகாகக் கேட்டுக்கொண்டாள்.

பிறகுதான் அந்த மலையடிவாரம் வந்தது. அங்கே ஒரு அருவி. அதற்குப் பின்னால் போய்ப் பாருங்கள் என்றாள். மேலே கல்லரக்கன் காத்திருக்கிறான், இப்போது போய்க் குளிக்கச் சொல்கிறாயே என்றேன். மூன்று தடவை சொன்னாள். மூன்று தடவையும் மலை ஏறினேன், செத்தேன். அவள் பென்சிலை டப்பாவில் போட்டு மூடினாள். அதற்குப் பிறகு அவள் பக்கத்தில் உட்காரவில்லை. மகள் பிறந்தாள், மெஷின் ஷோகேஸுக்குள் போனது.

இப்போது மகள் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போய் இரண்டு மாதம் ஆகிறது. வீட்டில் சத்தமே இல்லை. அந்த சோஃபாவைப் பார்க்கும்போதெல்லாம் கல்லரக்கன் ஞாபகம் வந்துகொண்டே இருந்தது.

சனிக்கிழமை காலையில் மெஷினை வெளியே எடுத்தேன். முன்பக்கம் பளபளவென்று துடைத்தேன். வயர்களை மனைவியே டிவியில் மாட்டித் தந்தாள். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். பழைய கண்ணாடிக் கூட்டைத் திறந்தேன். அதில்தான் மெமரி கார்டை வைப்பேன். கூடு காலி.

"இதுல இருந்த கார்டு எங்க?"

"அந்தச் சாம்பல் கலர்ல, பிஸ்கட் சைஸ்ல இருக்குமே, அதுவா?"

"அதேதான். நான் விளையாடினது மொத்தமும் அதுலதான் இருக்கு. அது இல்லேன்னா முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்."

"வீட்டுலதான் இருக்கு."

"வீட்டுலன்னா எங்க?"

கண்ணாடியை மேலே தள்ளினாள். மூச்சை இழுத்தாள். உருள வேண்டிய நேரம்தான். கார்டு இல்லாமல் எங்கே உருளுவது?

பத்தே நிமிஷத்தில் ஒரு கிராஃப் தாளில் எங்கள் வீட்டை வரைந்து கொடுத்தாள். அதில் ஏழு வட்டங்கள். முதல் வட்டம் பரண். கார்டு சின்னது, மேலோட்டமாகப் பார்த்தால் கண்ணில் படாது, அதனால் ஒவ்வொரு சாமானையும் வெளியே எடுத்து, உதறி, துடைத்து, தரம் பிரித்து வைக்கச் சொன்னாள். இல்லையென்றால் ஒரே இடத்தை இரண்டு தடவை தேட வேண்டி வருமாம். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

பரணில் ஒரு கரப்பான்பூச்சி என்னை எதிர்த்தது. மீசையை ஆட்டி ஜாடை காட்டியது. ஏணியில் உருள முடியாது என்பதால் குனிந்தேன். துடைப்பத்தால் இரண்டு அடி. பேராசை யாரை விட்டது, மூன்றாவதும் அடித்தேன். அது என் முழங்காலில் விழுந்தது. கரப்பான் நிதானமாக நடந்து போனது.

அன்று பரண், சமையலறைத் தொட்டியின் அடிப்பக்கம், செருப்பு அலமாரி. ஞாயிற்றுக்கிழமை காலையில் கட்டிலுக்கு அடியில், பால்கனி, புத்தக அலமாரி. கார்டு இல்லை. ஆனால் 1 முதல் 12 வரை மகளின் பள்ளிப் புத்தகங்கள் வரிசையாக நின்றன. மனைவி நடுநடுவே வந்து பார்த்து, இன்னும் கிடைக்கவில்லையா என்று வருத்தப்பட்டுவிட்டுப் போனாள்.

ஏழாவது வட்டம் அவளுடைய அலமாரியின் மேல்தட்டு. அங்கே ஒரு தகர டப்பா இருந்தது. ஆசையாகத் திறந்தேன். உள்ளே கார்டு இல்லை, கிராஃப் தாள்கள். நாற்பது இருக்கும். எல்லாம் அந்தக் கேமின் வரைபடங்கள். காட்டுக்கு மரக்குறி, ஆற்றுக்கு நீலக்கோடு, ஓரத்தில் அவளுடைய பொடி எழுத்து. 'இந்தக் குகையில் இவர் பயந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.' 'இங்கே பாலம் உடைந்தது. ரொம்ப நேரம் சிரித்தோம்.' 'இங்கே இவருக்குப் பசி.' கடைசித் தாளில் மலையடிவாரம், அருவி. அருவிக்குப் பின்னால் ஒரு கட்டம் காலி. அதில் ஒரு கேள்விக்குறி மட்டும்.

பதினெட்டு வருஷமாக எனக்குக் குறையாக இருந்தது கல்லரக்கன் இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. சோஃபாவில் என் இடது பக்கம் ஆள் இல்லாததுதான்.

டப்பாவை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனேன். அவள் பேப்பர் படித்துக்கொண்டிருந்தாள்.

"கார்டு போனா போகுது. அன்னிக்கு நீ சொன்னப்பவே அந்த அருவிக்குப் பின்னாடி போயிருக்கணும். தப்பு என்னோடதுதான்."

அவள் டப்பாவை வாங்கிக்கொண்டாள். பிறகு முதல் தாளை எடுத்து மேல் மூலையைப் படிக்கச் சொன்னாள். படித்தேன். 'ஆரம்பித்த இடத்தில் முதலில் திரும்பிப் பார்க்க வேண்டும். இவர் சொன்னது.'

மெஷினைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத் துவாரத்தில் கார்டு சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

"நீதானே வெச்சே?"

"வயரை மாட்டும்போது. நீங்க எதையுமே முன்பக்கம் மட்டும்தானே துடைப்பீங்க."

"ரெண்டு நாளா முதுகு ஒடிஞ்சுது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"பதினெட்டு வருஷமா நான் மூச்சு இழுத்தாலே உருளுறீங்க. எப்பவும் ஒரே பக்கம்தான் உருளுறீங்க. எனக்கு மட்டும் ஜாடை தெரியாதா?"

ஊரார் கண்ணையெல்லாம் சோதிக்கிறவன் நான். மெஷினை ஆன் செய்துவிட்டு சோஃபாவில் உட்கார்ந்தேன். அவள் பேப்பரை மடித்து வைத்துவிட்டு வந்து என் இடது பக்கம் உட்கார்ந்தாள். கையில் பென்சில்.

அருவிக்குப் பின்னால் போனேன். அங்கே ஒரு சின்னக் குகை, ஒரு பெட்டி, பெட்டிக்குள் மங்கலான ஒரு கேடயம். அதை மாட்டிக்கொண்டு மலை ஏறினேன். கல்லரக்கன் தட்டினான். நான் கொஞ்சம் பின்னால் நகர்ந்தேன், அவ்வளவுதான். திருப்பி இரண்டு அடி கொடுத்தேன். மூன்றாவது அடி அடிக்கப் போனபோது அவள் முழங்கையால் இடித்தாள். நிறுத்திக்கொண்டேன். அரை மணி நேரத்தில் கல்லரக்கன் பொடிப்பொடியாக உதிர்ந்தான். அவள் கேள்விக்குறியை அழித்துவிட்டு அந்தக் கட்டத்தில் ஒரு பெட்டி வரைந்தாள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"இனிமே நீ எங்க போகச் சொன்னாலும் போறேன். ஒரு மூலை விடாம தேடிப் பாக்கறேன்."

"எங்க சொன்னாலுமா?"

"எங்க சொன்னாலும்."

கண்ணாடியை மேலே தள்ளினாள். மூச்சை இழுத்தாள். இருந்த சந்தோஷத்தில் எனக்கு உருளத் தோன்றவில்லை. மடித்து வைத்த பேப்பருக்கு அடியிலிருந்து இன்னொரு கிராஃப் தாளை எடுத்து என் மடியில் விரித்தாள். அதில் பதினேழு வட்டங்கள் இருந்தன.

"இது எங்க அம்மா வீடு," என்றாள்.